கிளுவை வேலிக்குள் ஒரு காப்பு

மலர்விழியின் மஞ்சள் இப்போது தட்டப்பாறையில் காய்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முந்தாநாளும் போயிருந்தேன். ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வெந்த மஞ்சள் வெயிலில் கிடப்பதில் பார்க்க ஒன்றும் கிடையாது. ஆனாலும் போகிறோம், போக முடிகிறதே என்பதற்காக. மூன்று மாதமாக அந்த வண்டித்தடத்தின் வாயில் ஒரு பச்சை இரும்புக் கேட் நின்றது. இன்றைக்கு அது ராசப்பன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. எருமைக்குப் போடுகிற சோளத்தட்டை அதன்மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கேட் போனதற்கு யார் காரணம் என்று கேட்டால் எங்கள் ஊரில் பதினைந்து பேர் கை தூக்குவார்கள். ராசப்பனே ஒரு கை தூக்குகிறார். நடந்தது எனக்குத் தெரியும். தடம் ஆரம்பிக்கிற இடத்துக்கு எதிர்வீடு நான். என் அடுப்படிச் சன்னலைத் திறந்தால் கேட்தான் தெரியும். குழம்பு கொதிக்கிற நேரத்தில் மனுசி வேறு எதைப் பார்ப்பது?

தட்டப்பாறை என்பது ஊருக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கருக்குத் தட்டையாகப் படுத்துக் கிடக்கும் பாறை. கணக்கில் அது பாறைப் புறம்போக்கு. அதாவது அரசாங்கத்துக்குச் சொந்தம், அதாவது எல்லோருக்கும் சொந்தம். சோளமோ கடலையோ மஞ்சளோ, களம் இல்லாதவர்கள் அங்கே கொண்டுபோய்த்தான் காய வைப்பார்கள். ராசிபுரம் போகும் தார் ரோட்டிலிருந்து பாறைக்கு ஒரே ஒரு வண்டித்தடம். தடத்துக்கு இடப்பக்கம் ஓடை, வலப்பக்கம் ராசப்பனின் வெள்ளாமைக் காடு. காட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி.

ராசப்பன் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு ஏக்கர், ஒரு கிணறு, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரே மகன் கௌசிக், சௌந்திரம் என்று ஒரு தங்கமான பெண்டாட்டி. இது போதாதா? போதும்தான். போன ஆடியில் சேலத்திலிருந்து ஒரு புரோக்கர் வராமல் இருந்திருந்தால் போதும்தான். ரோட்டோரம் பெட்ரோல் பங்க் வைத்தால் இந்தப் பக்கத்து லாரி ஓட்டத்துக்கு நிற்க இடம் இருக்காது என்று அவன் ஆசை காட்டினான். போகும்போது, "முகப்பு மட்டும் ஒரு பன்னெண்டடி குறையுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பன்னிரண்டு அடி என்பது சரியாக அந்த வண்டித்தடத்தின் அகலம்.

ஐப்பசியில் ராசப்பன் ஓடைக்கரையை ஒட்டிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி இழுத்தார். ரோட்டு வாயில் கேட் போட்டுப் பூட்டினார். தடம் அவர் காட்டுக்குள் போய்விட்டது. பங்க் திறப்பு விழாவுக்கு ரிப்பன் யார் வெட்டுவது என்பதுவரை பேச்சு நடந்ததாகக் கேள்வி. கேள்வி என்ன, கேட் போன பிறகு சௌந்திரம்தான் சொன்னாள்.

மலர்விழி எங்கள் தெருவில் கடைசி வீடு. புருசன் அன்பரசு லாரி டிரைவர். நாக்பூர், கௌகாத்தி என்று கிளம்பினால் திரும்ப ஒரு மாதம். அவள் தனியாளாக ஒன்றரை ஏக்கர் குத்தகைக் காட்டில் மஞ்சள் போட்டிருந்தாள். வைகாசியில் நட்டது, தையில் வெட்ட வேண்டும். வெட்டியதை வேகவைத்துப் பதினைந்து நாள் வெயிலில் பரப்பினால்தான் அது மஞ்சள். குவித்து வைத்தால் இரண்டே நாளில் பூசணம் பூத்துவிடும். அவள் வாசலில் பரப்பினால் நாலு சாக்கு கொள்ளும். காட்டில் இருந்ததோ அறுபது சாக்கு. ரோட்டில் கொட்டினால் ராசிபுரம் பஸ் அதன்மேல் ஏறித்தான் போக வேண்டும். குத்தகைக்கு விட்ட காட்டுக்காரர் வேறு, மாசி பிறந்தால் காடு எனக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார். பாறையை விட்டால் அவளுக்கு வேறு போக்கு இல்லை. தடத்தை விட்டால் பாறைக்கும் போக்கு இல்லை.

கேட் போட்ட மறுநாளே அவள் போய்க் கேட்டாள்.

"ஏனுங் மாமா, கேட்டப் போட்டுப் பூட்டிப்புட்டீங்க, நாங்க பாறைக்கு எப்படிங் போறது?"

"ஆரு அம்முணி போவ வேண்டாம்னது? சொல்லீட்டுப் போ. சாவி ஊட்லதான் இருக்குது."

"மஞ்ச வேகவெச்சா டிராக்டர் போவோணுமுங்க."

"டிராக்டரெல்லாம் ஆவாது. இது என்ற காடு. எங்கப்பாரு போனாப் போவுதுன்னு நடக்க உட்டு வெச்ச தடம்."

"தடம் உங்கப்பாரு உட்டதுன்னா, ஓடையில தண்ணியும் உங்கப்பாருதான் உட்டாருங்களா?"

அன்றைக்கு என் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஊர் என்ன சொன்னது என்று கேட்கிறீர்களா? மாதேஸ்வரன் டீக்கடையில் உட்கார்ந்தால் தெரியும். ஒரு தடத்துக்கு ஊரில் நாலு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சர்க்கார் தடம் என்றார் ஒருத்தர். மாரியம்மன் கோயிலுக்குத் தேர்க்கட்டை கொண்டுபோன தடம், ஆகவே அம்மனுக்குச் சொந்தம் என்றார் இன்னொருத்தர். எழுபத்திரண்டு வயசுக் காளியண்ணன், காலையில் மலர்விழி எதிரில் வந்தால் "சர்க்கார் தடந்தான் கண்ணு, எனக்குத் தெரியாதா?" என்பார். சாயங்காலம் ராசப்பன் டீ வாங்கிக் கொடுத்தால் "உங்கப்பாரு உட்டதுதான ராசா" என்பார். இரண்டையும் அவர் மனசாரத்தான் சொன்னார்.

ஆனால் வாயைத் திறந்து ராசப்பனிடம் கேட்க ஒருத்தரும் போகவில்லை. எல்லோருக்கும் சொந்தமான இடத்துக்காக யார் போய் உள்ளூர்க்காரர் பகையைச் சம்பாதிப்பது? அதுவும் போக, எங்களுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. பொது இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சர்வேயர் வருவார். சர்வேயர் வந்தால் சங்கிலியோடு வருவார். மாதேஸ்வரன் கடையின் தகரக்கூரை ரோட்டுக்குள் ஆறடி நீண்டிருந்தது. காளியண்ணனின் வைக்கோல்போர் மூன்று வருசமாக ஓடைப் புறம்போக்கில் இருந்தது. தெற்குத் தெருவில் பாதிப் பேர் வீட்டு வாசற்படி சந்துக்குள் இறங்கியிருக்கும். என் வீட்டுக் குளியலறைச் சுவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆகையால் நானும் சொல்லவில்லை.

மலர்விழிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவள் வீட்டுக்கு நீட்டுவதற்கு இடமே கிடையாது. கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை நாமக்கல் பஸ் ஏறிப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்தாள். மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லி வீடு வீடாக வந்தபோது, பாவம், எல்லோருக்கும் அன்றைக்குக் கண்ணாடி காணாமல் போயிருந்தது. நான் போட்டேன். என் கையெழுத்து யாருக்கும் புரியாது என்ற தைரியம்தான்.

மார்கழியில் சர்வேயர் வந்தாள். நித்யஸ்ரீ என்று பேர், தம்மம்பட்டிப் பெண், முப்பது வயசுகூட இருக்காது. ஸ்கூட்டரை நிறுத்தி, புலப்படத்தை விரித்து, காட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"நாலு மூலைக்கல்லுல ஒண்ணாவது கிடைச்சா அன்னைக்கே அளந்து சொல்லிடலாம். ஒண்ணுமே இல்லைன்னா மாவட்டத்துலேர்ந்து மெஷின் வரணும். வரிசையில நிக்குது. மூணு மாசம் ஆகும்."

"கல்லுங்களா?" என்றார் ராசப்பன், பிறந்ததிலிருந்து கல்லையே பார்க்காதவர்போல. "எங்கைய்யன் காலத்துலயே ஒண்ணையுங் காணமுங்க."

"தை எட்டாம் தேதி வரேன். அதுக்குள்ள தேடி வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். போகிற வழியில் மாதேஸ்வரனின் தகரக்கூரையை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் கூரை நாலடி உள்ளே போயிருந்தது. வைக்கோல்போர் இரண்டே நாளில் இடம் மாறியது.

மூன்று மாதம் என்றால் மலரின் மஞ்சள் கதை முடிந்தது. அவள் கல்லைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு மூலை கிணற்று மண்ணுக்கு அடியில். இன்னொரு மூலைக்கல் ஓடை அரித்துக்கொண்டு போய் எந்தக் காலத்திலோ உருண்டுவிட்டது. மூன்றாவதை உழவு ஓட்டிய டிராக்டர் பெயர்த்துப் போட்டிருந்தது. மிச்சம் கிளுவை வேலிக் கோடி ஒன்றுதான். அங்கே முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்தன, அதுவும் கேட்டுக்கு உள்ளே. பொங்கல் கழிந்ததும் ஜேசிபி விட்டுக் கிளுவையை வேரோடு பிடுங்கப்போவதாக ராசப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். பிடுங்கிவிட்டால் அப்புறம் கல் இருந்ததா இல்லையா என்று யார் சொல்வது?

இப்படி இருக்கும்போதுதான் காப்புக் கட்டு வந்தது.

மார்கழிக் கடைசி நாள் சாயங்காலம் எங்கள் பக்கம் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டுக் கூரை எரவாணத்திலும், மாட்டுக் கொட்டகையிலும், காட்டின் மூலை மூலைக்கும் கட்டுவது. ஒருத்தர் காட்டு மூலையில் இன்னொருத்தர் கட்டமாட்டார்கள். கட்டினால் அந்தக் காட்டுக்கு வருகிற கெட்டதெல்லாம் கட்டினவர் தலையில் விடியும் என்று எங்கள் ஊரில் ஒரு பயம். கலெக்டர் ஆபீசில் பொய் சொல்லலாம், டீக்கடையில் தினமும் சொல்லலாம். காப்பில் சொல்ல முடியுமா? ராசப்பன் எந்த மூலையில் கட்டப்போகிறார் என்று அன்றைக்குத் தெருவில் எத்தனை பேர் வாசல் கூட்டினார்கள் தெரியுமா? கூட்டின வாசலையே கூட்டினார்கள்.

அவர் நேராக ஓடைக்கரைக்குப் போனார். புதுக் கம்பி வேலியின் கோடிக் கல்லுக்காலில் கொத்தை வைத்துக் கட்டினார். சௌந்திரம் பக்கத்தில் சொம்போடு நின்றாள். கட்டி முடித்ததும் அவர் ரோட்டுப் பக்கம் திரும்பி எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார்.

"காப்பே கட்டிப்புட்டாரேக்கா" என்றாள் மலர்விழி என் அடுப்படியில் நின்றுகொண்டு. என் முறத்தில் இருந்த பூளைப்பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால்கூட எனக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்கும்.

அவள் போய் முக்கால் மணி நேரம் இருக்கும். பொங்கலுக்கு வந்திருந்த கௌசிக் வாட்சப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். நான் யார் போட்டாலும் பார்ப்பேன், வேலைவெட்டி இல்லை என்று நினைத்தாலும் சரி. வீடியோவில் சௌந்திரம் மட்டும் தனியாக நிற்கிறாள். கொடுவாளால் கிளுவைக் கிளையை ஒதுக்குகிறாள். உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். தலையில் உளியால் கீறிய குறி. அதற்குத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறாள், மஞ்சள் பூசுகிறாள், காப்புக் கொத்தை வைத்துச் சிவப்புத் துணியால் கட்டுகிறாள். கும்பிடுகிறாள். கீழே கௌசிக் எழுதியிருந்தான்: எங்க காடு, எங்க மூலைக்கல், எங்க அம்மா. கூடவே மூன்று இதயம்.

பிள்ளை நல்ல பிள்ளை. கேட் தகராறு அவனுக்குத் தெரியும். ஆனால் காடு எதுவரை, தடம் எதிலிருந்து என்பதெல்லாம் கோயமுத்தூரில் உட்கார்ந்தால் எப்படித் தெரியும்? அம்மா கட்டினாள், வெளிச்சம் நன்றாக இருந்தது, எடுத்தான், போட்டான். அப்பா அப்போது எருமை கறந்துகொண்டிருந்தார்.

நான் செருப்புக்கூடப் போடாமல் மலர் வீட்டுக்கு ஓடினேன். அவள் மூன்று தடவை பார்த்தாள். கல் நிற்பது கிளுவைக்குள். அப்படியென்றால் ராசப்பன் காடு கிளுவையோடு முடிந்தது. தடம் அவருடையது இல்லை. அவள் போனை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அக்கா, இத ஆருகிட்டயுங் காட்டாதீங்க."

"ஏம் புள்ள?"

"சௌந்திரக்காளுக்குத் திட்டு உழுவும். எனக்கு வெத மஞ்சளே அவுங்க குடுத்ததுதானுங்க."

"நானெதுக்குக் கண்ணு காட்டப்போறேன்?" என்றேன். சத்தியமாக நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டுவதற்கு ஆள் மிச்சமில்லை. கௌசிக்கின் நம்பர் ஊரில் எல்லோரிடமும் இருந்தது. ராசப்பன் ஒருத்தர்தான் இன்னும் பட்டன் போன் வைத்திருக்கிறார். ஊரில் அந்த வீடியோவைப் பார்க்காத ஒரே மனிதர் அவர்தான்.

பொங்கலன்றைக்கு டீக்கடையில் நடந்ததை மாதேஸ்வரனே என்னிடம் நடித்துக் காட்டினான்.

"ஏனுங் ராசண்ணா, காப்பெல்லாங் கட்டியாச்சுங்களா?"

"கட்டியாச்சு, கட்டியாச்சு."

"எல்லா மூலைக்குங்களா?"

"காட்டுக்கு நாலு மூல. நாலுக்குங் கட்டியாச்சு."

"எண்ணிப் பாத்தீங்களாண்ணா? அஞ்சாயிருக்கப் போவுது."

"என்றா மாதேசு, இன்னைக்குக் காத்தாலயே ஒரு மாதிரியாப் பேசற?" என்றாராம் ராசப்பன். கடையில் பத்துப் பேர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்களாம். டீ ஆறிப்போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

எனக்கு ஒரு பயம் இருந்தது. தை நாலாம் தேதி ஜேசிபி வந்தே விட்டது. ஓட்டி வந்தவன் சபரிநாதன். வண்டி வாங்கி நாலே மாதம், முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். ராசப்பன் புதுச்சத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கேட்டைத் திறந்துவிட வந்த சௌந்திரம், திறக்காமல் குறுக்கே நின்றாள். நான் சன்னலில் இருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"தம்பி, காப்புக் கட்டுன வேலியத் தை முடியற மட்டும் பிடுங்கப்படாது."

"அண்ணந்தான் வரச் சொன்னாருங்க."

"அண்ணன் சொன்னாரு, நீ பிடுங்கு சாமி. நாஞ் சொல்றதச் சொல்லிப்புட்டேன். பொறவு வண்டிக்கு என்னாச்சும் ஆச்சுன்னா எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கப்படாது."

சபரிநாதன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயசாகிறது. இந்தப் பக்கத்தில்தான் பிறந்தேன், இந்தப் பக்கத்தில்தான் வாக்கப்பட்டேன். அப்படி ஒரு சாங்கியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. சாயங்காலம் ராசப்பனும் கேட்டாராம், இது எப்போதிருந்து என்று. உங்கம்மா சொன்னதுதான் என்றாளாம் சௌந்திரம். மாமியார் போய்ச் சேர்ந்து பதினோரு வருசம். எங்கே போய்க் கேட்பது?

தை எட்டாம் தேதி காலையில் பத்து மணிக்கு நித்யஸ்ரீ வந்தாள். மார்கழியில் அவள் வந்தபோது எட்டிப் பார்க்காத ஊர் அன்றைக்குத் திரண்டு நின்றது. நான் அரிசி ஊறப் போட்டதை மறந்துவிட்டுப் போய் நின்றேன். மலர்விழி என் பக்கத்தில். இரண்டு நாள் கழித்து, தை பத்தாம் தேதிக்கு, மஞ்சள் வேகவைக்கிற வண்டியை அவள் பேசி வைத்திருந்தாள். அந்த வண்டி தவறினால் அடுத்த முறை மாசிக் கடைசியில்தான்.

"கல்லு ஏதாவது கிடைச்சுதா?" என்றாள் நித்யஸ்ரீ.

மலர் வாயைத் திறந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் மோர்ச்சொம்போடு நின்ற சௌந்திரத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"கல்லு ஒண்ணையுங் காணமுங்க" என்றார் ராசப்பன். "ஆனா மூல எதுன்னு நாங் காட்டறனுங்க. வாங்க."

எல்லோரையும் ஓடைக்கரைக்கு அழைத்துப் போனார். கம்பி வேலிக் கோடியில் ஆவாரம்பூ காய்ந்து தொங்கியது.

"பாத்தீங்களா மேடம்? காப்பு. எங்க பக்கம் அவுங்கவுங்க காட்டு மூலைக்குத்தானுங்க கட்டுவோம். அடுத்தவன் எடத்துல செத்தாலுங் கட்டமாட்டோம். இதுக்கு மேல என்னங்க அத்தாட்சி?"

"எங்க ஊர்லயும் கட்டுவோம்" என்று தலையாட்டினாள் அவள். "அப்போ, காப்பு கட்டின இடம்தான் உங்க மூலைன்னு எழுதிக்கவா?"

"தாராளமா எழுதிக்குங்க. எங்கூட்டுக் காப்புப் பொய் சொல்லாதுங்க."

மாதேஸ்வரனுக்கு இருமல் வந்தது. இன்னும் இரண்டு பேருக்கு வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போதுதான் காளியண்ணன், காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாகப் பேசுகிற அந்த மனிதர், தடியை ஊன்றிக்கொண்டு கிளுவைப் பக்கம் கையைக் காட்டினார்.

"ராசா, அப்ப அந்தக் கிளுவைக்குள்ள ஒண்ணு தொங்குதே, அது ஆரூட்டுக் காப்பு?"

ராசப்பன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிளுவையிடம் போனார். கிளையை ஒதுக்கினார். சிரிப்பு நின்றது.

கல்லின் தலையில் மஞ்சள் இன்னும் போகவில்லை. கொத்தைச் சுற்றியிருந்த சிவப்புத் துணி சௌந்திரத்தின் பழைய சேலைக் கரை. இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து அவள் போடுகிற முடிச்சு. அந்த வீட்டு அரிசி மூட்டை, தவிட்டு மூட்டை எல்லாவற்றுக்கும் அந்த முடிச்சுத்தான். அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அவர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மோர்ச்சொம்புக்குள் ஏதோ தூசி விழுந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கூட்டுது இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், வேறு எவனோ வந்து அவர் காட்டில் காப்புக் கட்டியிருக்கிறான் என்று ஆகும். பெண்டாட்டி கட்டினதைப் பத்துப் பேர் எதிரில் இல்லை என்று சொன்னதாகவும் ஆகும். கையால் பிய்த்து எறிந்திருக்கலாம். காப்பைப் பிய்க்க யாருக்கு மனசு வரும்? மலர்விழி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். என் வளையல் சதைக்குள் அழுந்தியது.

ராசப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கூட்டுக் காப்புத்தானுங்க" என்றார்.

அவ்வளவுதான். நித்யஸ்ரீ மண்டியிட்டுக் கல்லின் குறியைப் பார்த்தாள், படத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், ஆட்களைக் கூப்பிட்டாள். சங்கிலி இழுத்து அளந்து முடிக்க ஒன்றரை மணி நேரம். கிளுவைக்கும் ஓடைக்கும் நடுவில் பன்னிரண்டடி வண்டித்தடம் அரசாங்கத்துடையது. கம்பி வேலி பாதி தடத்தில், பாதி ஓடையில். எழுதி, ராசப்பனிடமும் மலரிடமும் கையெழுத்து வாங்கினாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கேட்டபோது பன்னிரண்டு பேர் முன்னால் வந்தார்கள். எல்லோருக்கும் கண்ணாடி கிடைத்துவிட்டிருந்தது.

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே அவள் எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். "வந்தது வந்தேன். வேற யாருக்காவது அளந்து பார்க்கணுமா?"

அடேயப்பா, எத்தனை பேருக்கு அந்த நிமிசம் வேலை ஞாபகம் வந்தது! எனக்கும் ஊறின அரிசி ஞாபகம் வந்தது. ஸ்கூட்டர் தார் ரோட்டில் ஏறி மறைகிறவரை ஊர் மூச்சு விடவில்லை. மறைந்த பிறகு விட்ட மூச்சு இருக்கிறதே, அது மலருக்காக விட்டதா, அவரவர் சுவருக்காக விட்டதா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. இரண்டும் கலந்ததுதான்.

கேட்டை அன்றைக்கு மத்தியானமே ராசப்பன் தன் கையால் கழற்றினார். யாரும் போய் நிற்கவில்லை, அந்த மட்டும் மரியாதை எங்களுக்கும் தெரியும். நான் சன்னலில் இருந்து பார்த்ததோடு சரி. பத்தாம் தேதி வேகவைக்கிற வண்டி வந்தது. ஆவி பறக்கப் பறக்க ஏற்றின டிராக்டர் என் வாசலைத் தாண்டித் தடத்தில் திரும்பி, ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு பாறைக்குப் போனது. மலர்விழி டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நாக்பூரிலிருந்து அன்பரசு வீடியோ காலில் பார்த்துக்கொண்டே வந்தான். "பைய ஓட்டச் சொல்லு புள்ள, பைய" என்று அங்கே இருந்துகொண்டு டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

ராசப்பன் ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார். மாதேஸ்வரன் கேட்காமலே டீயை ஆற்றிக் கொடுத்தான். இப்போது கேட்டால், "நாந்தானே கல்லக் காட்டிக் குடுத்தேன், அந்தப் புள்ள எங்க கண்டுபுடிச்சுது?" என்கிறார். உண்மைதானே, அவர்தானே காட்டினார்? ஊரும் ஆமாம் என்று சொல்லிவிட்டது. பங்க் பேச்சு நின்றுபோனது. புரோக்கர் ஆத்தூர்ப் பக்கம் வேறு யாருக்கோ எத்தனை அடியோ குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ராசப்பன் முகத்தில் மூன்று மாதமாக இருந்த அந்த இறுக்கம் போய்விட்டது. பங்கைச் சுமப்பது அவருக்கும் பாரமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் வீட்டு மஞ்சளும் இப்போது பாறையில்தான் கிடக்கிறது. பங்க் வரும் வரும் என்று தன் களத்தில் ஜல்லியும் கம்பியும் இறக்கி அடைத்துவிட்டார். மலர் மஞ்சளுக்கு அந்தப் பக்கம் அவர் தன் விரலி மஞ்சளைப் பரப்ப வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"அம்முணி, கொஞ்சம் அக்கட்டால தள்ளிக்கறயா?"

"எத்தனை அடி மாமா? சர்வேயரம்மாளக் கூப்படட்டுங்களா?"

அவர் "அட போ புள்ள" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

நேற்றுச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சௌந்திரம் மஞ்சளைப் புரட்டிவிட வந்திருந்தாள். கேட் இருந்த மூன்று மாதமும் எங்களில் யாரும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவளுக்குப் பேச்சுக்குக் கிடைத்த ஆள் ராசப்பன் ஒருத்தர்தான். புருசனோடு மட்டுமே ஒருத்தி எத்தனை நாள் பேசிக்கொண்டிருக்க முடியும்? மூன்று பேரும் பாறை விளிம்பில் கால் நீட்டி உட்கார்ந்தோம். மலர் சௌந்திரத்தின் மடியில் இருந்த மஞ்சளில் ஒன்றை எடுத்து உடைத்து, சத்தம் கேட்டதா என்று பார்த்தாள். கேட்டது. இன்னும் நாலு வெயில் போதும்.

எனக்குத்தான் வாய் நமநமவென்று இருந்தது. அந்த வீடியோவை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். பார்க்கப் பார்க்க ஒரு விசயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எருமைச் சாணி மிதித்துக்கொண்டு காட்டு மூலைக்குப் போய்க் காப்புக் கட்டுகிறவள், பொங்கலுக்கு எடுத்த புதுப் பட்டுச்சேலையை முதல் நாளே கட்டிக்கொண்டு போவாளா?

"ஏஞ் சௌந்திரம்," என்றேன், "அன்னைக்குக் காப்புக் கட்டறதுக்கு எதுக்காயா பட்டுச்சேல?"

அவள் கையிலிருந்த மஞ்சளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, வீடியோவுல நல்லா உழுந்துச்சுங்களா?" என்றாள்.